ஒரு மணிக்கு உட்கார்ந்தவள்

மணி ஒன்று ஆனால் அக்கா உட்கார்ந்துவிடுவாள். எங்கே இருக்கிறோம், யார் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் கிடையாது. கையில் மாப்பு இருந்தால் சுவரில் சாய்த்து வைப்பாள். கையுறையைக் கழற்றுவாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். தூக்குப் பாத்திரத்தை எடுப்பாள். உட்காருவாள். காலை நீட்டுவாள். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவளிடம் பேச முடியாது. தீப்பிடித்தாலும் எழ மாட்டாள். தீப்பிடித்ததாக ஒரு நாள் மணி அடித்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

பெயர் எழுதவில்லை. அவளிடம் கேட்காமல் எழுதக் கூடாது. கேட்கப் போக எனக்கு முகம் இல்லை.

கழக்கூட்டம் என்கிற மலையாள ஊரில் ஒரு ஐடி கட்டடம். அதில் நாங்கள் துப்புரவு வேலை. சட்டையில் ஹவுஸ்கீப்பிங் என்று எழுதியிருக்கும். நான் இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். ஏழாம் மாடி அவளுக்கும் எனக்கும். இரண்டு பேருக்கும் ஊர் களியக்காவிளைப் பக்கம். காலையில் பாறசாலையில் ரயில் ஏறுவோம். அவள் என்னைவிட எட்டு வயது மூத்தவள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அவள் அதுவும் இல்லை. கையெழுத்து மட்டும் போடுவாள். அதையும் எளிதில் போட மாட்டாள்.

ஏழாம் மாடியில் ஒரு மூலையில் கண்ணாடிச் சுவருக்குள் பெரிய இடம் உண்டு. வாசலில் ரெஃப்ரெஷ்மெண்ட் ஏரியா என்று பலகை. உள்ளே மெத்தை நாற்காலி, கேரம் போர்டு, காப்பி மெஷின், பழக்கூடை. பையன்களும் பெண்களும் வந்து மூட்டை மாதிரி ஒரு ஆசனத்தில் சரிந்து கிடப்பார்கள். சில பேர் தூங்குவார்கள். அதில் தப்பில்லை. அவர்களுக்கும் கண் எரியும். அந்த இடத்தை ஒரு நாளைக்கு ஐந்து தடவை துடைப்போம். உட்கார்ந்ததில்லை.

நாங்கள் சாப்பிட்டது பெண்கள் கக்கூசுக்கு அடுத்த அறையில். மாப்பு, வாளி, ஆசிட் பாட்டில் எல்லாம் வைக்கிற அறை. வாளியைக் கவிழ்த்து உட்காருவோம். அக்கா மட்டும் வர மாட்டாள்.

"எக்கா, உள்ள வாங்க. ஆளு பாக்கும்."

"பாக்கட்டும். கக்கூஸ் மணத்துல எனக்குச் சோறு எறங்காது. நீங்க தின்னுங்க."

அவள் போவது தீப்படிக்கு. தீப்பிடித்தால் இறங்கி ஓடுவதற்காகக் கட்டடத்தின் ஓரத்தில் கட்டிய படிக்கட்டு. யாரும் வராத இடம். ஏழுக்கும் ஆறுக்கும் நடுவில் படி திரும்புகிற தளத்தில் ஒரு சன்னல் இருக்கும். அதில் காற்று வரும். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் கொண்டுவருவாள். மெதுவாகத் தின்பாள். தின்று முடித்துக் கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் இருப்பாள். மணி ஒன்றரைக்குத் தானாக எழுந்திருப்பாள். வாட்ச் கட்ட மாட்டாள். ஒரு நிமிஷம் கூடவும் எடுத்ததில்லை.

இதுவரை சண்டை இல்லை. பழைய காண்டிராக்டர் கண்டுகொள்ளவில்லை.

பிறகு காண்டிராக்ட் வேறு ஒரு கம்பெனிக்குப் போனது. அவர்கள் வந்த வாரமே எங்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். ஆபீஸ் ஆட்கள் சாப்பிடுகிற நேரத்தில்தான் அழுக்கு அதிகம். அதனால் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை எல்லோரும் மாடியில் நிற்க வேண்டும். சாப்பாட்டு இடைவேளை இல்லை. அதற்குப் பதில் ரெஃப்ரெஷ்மெண்ட் உண்டு. காலை பதினொன்றுக்குச் சாயாவும் பன்னும். மூன்றுக்குச் சாயாவும் பிஸ்கட்டும். கம்பெனிச் செலவு. நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

எங்களில் சில பேர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இலவசமாகப் பன் என்று கேட்டால் கை தானாகத் தட்டும். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

அக்கா தட்டவில்லை. புது சூப்பர்வைசரைப் பார்த்துக் கேட்டாள்.

"சாரே, பன்ன எங்க இருந்து தின்னணும்?"

"இருக்கண்டா சேச்சி. நின்னோண்டு கழிக்காம். அஞ்சு மினிட் காரியம்."

உட்கார வேண்டாம், நின்றுகொண்டே தின்னலாம் என்கிறான். அவன் நெய்யாற்றின்கரைக்காரன். மலையாளத்தில்தான் பேசுவான். எங்களுக்குப் புரியும்.

"எங்க சர்ச்சுல கூட்டம் முடிஞ்சா ரெஃப்ரெஷ்மெண்ட் உண்டு," என்றாள் அக்கா. "எல்லாரையும் இருத்தித்தான் குடுப்பாங்க. மாடுகூட தின்னுட்டு படுத்து அச போடும், சாரே."

எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

அன்று பதினொரு மணிக்கு நோட்டு வந்தது. அக்கா சாயாவும் வாங்கவில்லை, பன்னும் வாங்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். நோட்டில் அவள் கட்டம் மட்டும் வெள்ளையாக இருக்கும். ஒரு மணிக்குத் தீப்படிக்குப் போய் உட்கார்ந்தாள்.

ஏழாம் மாடியில் ஒரு எஞ்சினியர் பெண் இருந்தது. திருநெல்வேலிப் பெண். எங்களோடு தமிழ் பேசும். அக்கா ஒரு நாள் அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"மக்களே, இந்த ரெஃப்ரெஷ்மெண்டுன்னா என்னவாக்கும்? தீர்த்துச் சொல்லு."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தது. "புத்துணர்ச்சின்னு சொல்லலாம் ஆண்ட்டி. டயர்டா இருந்துட்டு திரும்ப ஃப்ரெஷ் ஆகுறது."

"பஸ்ஸுல ரெஃப்ரெஷ்மெண்டுக்குப் பத்து நிமிசம்னு நிறுத்துறானே?"

"அது பாத்ரூம் போக."

"நீங்க அங்க கெடந்து உறங்குறது?"

"அதுவும்தான்." அந்தப் பெண்ணுக்கு வெட்கமாகிவிட்டது.

"அப்போ மூத்திரம் போறது, படுக்கறது, தின்னுறது, எல்லாம் அதுல உண்டு," என்றாள் அக்கா. "எங்களுக்கு மட்டும் நின்னுட்டு ஒரு பன்னு."

அந்தப் பெண் பழக்கூடையிலிருந்து ஒரு ஆப்பிள் எடுத்து நீட்டியது. அக்கா வாங்கவில்லை. "நீ தின்னு மக்களே," என்று சொல்லிவிட்டுத் துடைக்கப் போனாள்.

முதல் மெமோ வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா அதை நாலாக மடித்தாள். ஒரு மணிக்குத் தூக்குப் பாத்திரத்துக்கு அடியில் வைத்தாள். அவள் பாத்திரம் லேசாக ஒழுகும். இரண்டாவது மெமோவையும் அப்படியே வைத்தாள்.

எங்களுக்கோ பசி. காலை ஐந்தரைக்குத் தின்ற பழஞ்சோறு. பதினொன்றுக்கு ஒரு பன், மூன்றுக்குப் பிஸ்கட். பிறகு வீடு சேர மாலை ஆறாகும். இரண்டு மணிக்கு மேல் குனிந்தால் கண் இருட்டும். ஒருத்தி லிஃப்டுக்குள் விழுந்தாள். அப்போது சூப்பர்வைசர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டான். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு மேலே ஆள் உண்டு.

"ஒரு வழி உண்டு," என்றான். "ஷுகர் உண்டெந்நு டாக்டருடெ ஒரு சீட்டு. ஷுகர்காரர்க்குச் சமயத்துக்கு ஊண் வேணும். ஞான் அர மணிக்கூர் தராம்."

சர்க்கரை நோய் என்று சீட்டு வாங்கி வந்தால் சாப்பிட அரை மணி தருகிறான். நாங்கள் ஒன்பது பேர் போனோம். ஒரு சின்ன கிளினிக். டாக்டர் தலை நிமிராமல் எழுதினார். ஊசி குத்தவில்லை. ரத்தம் எடுக்கவில்லை. ஒன்பது பேருக்கும் ஒரே நாளில் சர்க்கரை வந்தது. மறுநாளிலிருந்து மாப்பு அறையில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தோம். சிரித்தோம்கூட. ஒருத்தியை ஒருத்தி தீனக்காரி என்று கூப்பிட்டுக்கொண்டோம். எங்கள் பக்கம் நோய்க்குத் தீனம் என்றுதான் சொல்வோம்.

அக்காவிடம் நான் சொன்னேன். ரயிலில் வைத்துச் சொன்னேன்.

"எக்கா, நீங்களும் ஒண்ணு வாங்கிருங்க. ஒரு காகிதம்தானே."

"எனக்குத் தீனம் ஒண்ணும் இல்ல."

"எங்களுக்கும் இல்லதான்."

"பின்ன?"

"சோறு தின்ன விடுறானே."

அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். ரயில் பாலராமபுரம் தாண்டியது. பிறகு சொன்னாள்.

"எனக்கு வந்தது பசியாக்கும். பசிக்கு டாக்டர் சீட்டு எழுதுவாரா? எழுதினா வாங்கிட்டு வா. நான் காட்டுறேன்."

இவளுக்குத் திமிர் என்று நினைத்தேன். நான்கு பேரோடு ஒத்துப்போகத் தெரியாதவள் என்று மற்றவர்களிடம் சொன்னேன். சொன்னதை மறைக்கவில்லை.

இனி தீ மணி அடித்த நாள். அது நிஜமான தீ இல்லை. ஒத்திகை. யாரோ பெரிய ஆள் ஒரு மணிக்கு வைத்தான். மணி அடித்ததும் லிஃப்டை நிறுத்தினார்கள். ஏழு மாடி ஆட்களும் தீப்படியில் இறங்கினார்கள். படி திரும்புகிற இடத்தில் அக்கா உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருக்கிறாள்.

நானும் அந்தக் கூட்டத்தில் இறங்கினேன். என் கண்ணால் பார்த்தேன். அவள் எழவில்லை. காலை மடக்கினாள். பாத்திரத்தை மடியில் எடுத்து வைத்தாள். சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தின்றாள். கழுத்தில் பட்டை தொங்கவிட்ட ஆட்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். சில பேர் மூக்கைப் பொத்தினார்கள். சில பேர், "சாரி ஆண்ட்டி," என்றார்கள். ஒருத்தன் போனில் படம் எடுத்தான். அக்கா அவனை நிமிர்ந்து பார்த்து, "தின்னுறியா?" என்று கேட்டாள். அவன் இறங்கி ஓடினான்.

அந்தப் படம் எல்லோர் போனிலும் போனது. சாயங்காலம் அவளை நிறுத்திவிட்டார்கள். காரணம் தீப்படியை மறித்தது. இரண்டு மெமோ கொடுத்தும் கேட்கவில்லை.

அவள் லேபர் ஆபீசுக்குப் போனாள். யாரையோ பிடித்து மனு எழுதினாள். சாட்சி என்ற இடத்தில் என் பெயர் கொடுத்தாள். என் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னாள்.

"மக்களே, நீ கூடுதலா ஒண்ணும் சொல்லண்டாம். உள்ளதச் சொன்னா போதும். தின்ன விடல்ல, தீனம் இருந்தாத்தான் விடுவோம்னு சொன்னான், நாங்க இல்லாத தீனத்த எழுதி வாங்கினோம். இவ்வளவுதான்."

"சொல்லுதேன் எக்கா," என்றேன்.

விசாரணை நாள். ஆபீசர் ஒரு பெண். கறாரான முகம். ஆனால் அக்காவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். கம்பெனிக்காக ஒரு வக்கீல் வந்திருந்தார். சாயா நோட்டை மேசையில் விரித்து வைத்தார். எங்கள் கையெழுத்துகள் பக்கம் பக்கமாக இருந்தன. தொழிலாளிகளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை ரெஃப்ரெஷ்மெண்ட் கொடுக்கிறோம் என்றார். சட்டத்தில் அந்த வார்த்தைக்கு இவ்வளவு, அவ்வளவு என்று அளவு இல்லை. சாயாவும் அதுதான், பன்னும் அதுதான், முழுச் சாப்பாடும் அதுதான் என்றார். களைப்புத் தீரக் கொடுப்பது எதுவும் அதில் அடங்கும் என்றார். நிறையப் பேசினார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பேசினார்.

ஆபீசர் அக்காவைப் பார்த்தார். "எந்தா பறயான் உள்ளது?" என்ன சொல்ல இருக்கிறது என்று கேட்டார்.

"மேடம், களைப்புத் தீந்துதான்னு களைச்ச ஆளுகிட்டதானே கேக்கணும்," என்றாள் அக்கா. "அவர எதுக்குக் கேக்குறீங்க?"

ஆபீசர் பேனாவை எடுத்து எழுதினார். மெமோ வந்ததா என்று கேட்டார். அக்கா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மஞ்சளாக வட்டம் வட்டமாக இருந்தது.

"இதெந்தா மணம்?"

"மீன் குழம்பு மேடம். சாளை."

ஆபீசர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தார் என்று நினைக்கிறேன். அந்த நிமிஷம் அக்கா ஜெயிப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது வக்கீல் வேறொரு கட்டை எடுத்தார். ஒன்பது சீட்டு. சாப்பாட்டு நேரம் என்று கம்பெனியில் வழக்கமே இல்லை என்றார். நோயாளிகளுக்கு மட்டும் இரக்கப்பட்டு அரை மணி கொடுக்கிறோம். கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். இவர் கேட்கவில்லை. தீப்படியில் போய் உட்கார்ந்தார். மேலே இருந்த சீட்டில் என் பெயர்.

ஆபீசர் என்னைப் பார்த்தார்.

"நிங்ஙள்க்கு ஷுகர் உண்டோ?"

மூலையில் சூப்பர்வைசர் நின்றான். அவன் பக்கத்தில் கம்பெனி ஆள். இல்லை என்றால் பொய்ச் சீட்டு கொடுத்தவள் ஆகிவிடுவேன். வேலை போகும். என் கூட எட்டுப் பேருக்கும் போகும். இதெல்லாம் அப்போது யோசித்தேன் என்று எழுதலாம். யோசிக்கவில்லை. பயந்தேன். அவ்வளவுதான்.

"உண்டு மேடம்," என்றேன்.

"டாக்டர் பரிசோதிச்சோ?"

"பரிசோதிச்சார்."

ஆபீசர் எழுதிக்கொண்டார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்தாள். ஆபீசரும் பார்த்தார். மணி ஒன்று.

"ஊணு கழிஞ்ஞிட்டு நோக்காம்," என்றார் ஆபீசர். சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்கிறார். மேசைக்கு அடியிலிருந்து தன் டிபன் பையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். வக்கீல் ஹோட்டலுக்குப் போனார். ஒரு மணி ஆனால் சட்டமும் சாப்பிடப் போகிறது. நின்றுகொண்டு யாரும் பன் தின்னவில்லை.

வெளியே வராந்தாவில் பெஞ்ச் இருந்தது. அக்கா குழாயில் கை கழுவினாள். உட்கார்ந்தாள். பாத்திரத்தைத் திறந்தாள். மூடியில் பாதிக் கிழங்கை எடுத்து வைத்து மீன் துண்டையும் வைத்தாள். என் பக்கம் நகர்த்தினாள்.

"தின்னு," என்றாள். "உனக்குச் சுகர் உண்டுல்லா. நேரத்துக்குத் தின்னணும்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எழுந்து போயிருப்பேன். கிழங்கு சூடு ஆறியிருந்தது. குழம்பில் புளி தூக்கலாக இருந்தது. நான் தின்றேன். மிச்சம் வைக்காமல் தின்றேன். பசி அப்படி.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. திரும்பும்போது வேறு பெட்டியில் ஏறினாள்.

ஒரு மாதம் கழித்துக் காகிதம் வந்தது. எஞ்சினியர் பெண் படித்துச் சொன்னது. இரண்டு காரியம் இருந்தது. சாயாவும் பன்னும் இடைவேளைக்குப் பதில் ஆகாது. இனிமேல் எல்லோருக்கும் உட்கார்ந்து சாப்பிட அரை மணி நேரமும் அதற்கு ஒரு இடமும் கொடுக்க வேண்டும். இது ஒன்று. நோய்ச் சீட்டு உண்மை என்று சாட்சி சொல்லியிருக்கிறார், கேட்டவர்களுக்கு முன்பே நேரம் கிடைத்திருக்கிறது, அதனால் கேட்காமல் தீப்படியை மறித்தது இவருடைய தப்பு. நிறுத்தியது செல்லும். இது இரண்டாவது.

சாட்சி நான்.

கிடைத்த அரை மணி அவள் வாங்கித் தந்தது. அதில் அவள் மட்டும் இல்லை.

ஒன்பது பேரில் இரண்டு பேரை அடுத்த வருஷம் கம்பெனி அனுப்பிவிட்டது. தீனக்காரர்கள் மாடி ஏற மாட்டார்கள் என்று காரணம் சொன்னார்கள். எங்கள் சீட்டுத்தான் அதற்கும் ஆதாரம்.

அக்கா சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு ஓணத்துக்கு முன்னால் அந்த வழியாகப் போனேன். கடையில் நல்ல கூட்டம். ஆட்கள் சாக்கு தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். முதலாளி கத்துகிறார். நடுவில் ஒரு அரிசி மூட்டையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் தூக்குப் பாத்திரம். கண்ணை மூடியிருந்தாள். நான் மணி பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை. நான் தெருவைக் கடக்காமல் திரும்பினேன்.

இப்போது கீழ்த்தளத்தில் எங்களுக்கு ஒரு அறை உண்டு. மேசை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. வாசலில் அதே ரெஃப்ரெஷ்மெண்ட் என்ற பலகை. ஒரு மணிக்கு உட்காருகிறோம். புதிதாக வந்த பிள்ளைகள் இது எப்போதும் இருந்தது என்று நினைக்கிறார்கள். மேசையில் சோறு சிந்திவிட்டு அப்படியே எழுந்து போகிறார்கள். நான் துடைக்கிறேன்.

காண்டிராக்ட் இரண்டு தடவை மாறிவிட்டது. கம்பெனி போகும், ஃபைல் போகாது. என் ஃபைலில் சர்க்கரை என்று இருக்கிறது. மூன்று மணிக்குச் சாயா வரும். எல்லோருக்கும் பெரிய பிளாஸ்கில் வரும். எனக்கு மட்டும் தனி கிளாஸ், மேலே ஒரு மூடி. கொண்டுவருகிற பெண் கவனமாக என் முன்னால் வைக்கும்.

"சேச்சிக்கு மதுரம் இல்லாத்தது."

இனிப்பு இல்லாதது. ஏழு வருஷமாக அதுதான். எனக்குச் சர்க்கரை இல்லை. ஒரு தடவை ரத்தம் எடுத்தும் பார்த்தேன், இல்லை. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே மாற்றிவிடும். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை. இங்கே சொல்லி என்ன.

வாங்கிக் குடிக்கிறேன். கசக்கும். குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.